பிள்ளையைப் போல ஜெபிப்பது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

மாற்கு 10ஆம் அதிகாரத்தில் ஒரு சலசலப்பு நடக்கிறது. இயேசு தொடவேண்டும் என்று சிலர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். சீஷர்கள் அவர்களை அதட்டுகிறார்கள். இயேசுவுக்குக் கோபம் வருகிறது, அதுவும் தம்முடைய சீஷர்கள்மேல். "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள், அவர்களைத் தடைபண்ணாதிருங்கள், தேவனுடைய ராஜ்யம் அப்படிப்பட்டவர்களுடையது" என்கிறார்.

அந்தப் பிள்ளைகள் அங்கே என்ன செய்தார்கள் என்று பார்த்தால், ஒன்றுமே செய்யவில்லை. லூக்காவின் பதிவில் அவர்கள் தூக்கிக்கொண்டு வரப்பட்ட குழந்தைகள். அவர்களுக்கு வசனம் தெரியாது, காணிக்கை கொண்டுவரவில்லை, நல்ல பெயர் எடுத்தவர்களும் இல்லை. அவர் அணைத்துக்கொண்டார், கைகளை வைத்து ஆசீர்வதித்தார். மாற்கு அடுத்ததாக எழுதுவது, ஓடிவந்து முழங்கால்படியிட்ட ஒரு பணக்காரனைப் பற்றி. "நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்கிறான். தேவனுடைய கட்டளைகளையெல்லாம் சிறுவயது முதல் கைக்கொண்டவன். அவன் துக்கத்தோடே திரும்பிப் போனான். இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்து வாசித்தால், பிள்ளையைப் போல வருவது என்றால் என்ன என்பதில் பாதி புரிந்துவிடும்.

பிள்ளையைப் போல ஜெபிப்பது என்றால் வெகுளியாக, இனிமையாக ஜெபிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் பசியோடு இருக்கிற பிள்ளையைப் பார்த்ததில்லை போலும். பிள்ளை சத்தம் போடும், அடம்பிடிக்கும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். ஆனால் தனக்குக் கேட்க உரிமை இருக்கிறதா என்று மட்டும் யோசிக்காது. ஜெபத்தில் நாம் கற்றுக்கொள்ளவேண்டியது அந்த யோசிக்காமையைத்தான். புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள் என்று யாரும் பயப்படவேண்டாம். புத்தியிலே குழந்தைகளாயிராதேயுங்கள் என்று பவுல் கொரிந்தியருக்குத் தெளிவாகவே எழுதியிருக்கிறார் (1 கொரிந்தியர் 14:20).

கீழே உள்ள படிகளை ஒரே நாளில் செய்து முடிக்கவேண்டியதில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் பழகினாலே ஜெபம் வெகுவாக மாறிவிடும். மற்றவை மெதுவாக வரட்டும்.

முதல் படி: யாரிடம் போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்

வாயைத் திறப்பதற்கு முன் அரை நிமிடம் போதும். யாரிடம் பேசப்போகிறோம் என்பதை மட்டும் நினையுங்கள். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், பரமண்டல ஜெபத்தை ("பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்குவது) கற்றுக்கொடுப்பதற்குச் சற்று முன்னால் இயேசு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்: நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்களுக்கு இன்னது தேவை என்று உங்கள் பிதா அறிந்திருக்கிறார். அப்படியானால் நாம் ஜெபிப்பது அவருக்குத் தகவல் சொல்ல அல்ல. மனம் இல்லாத ஒருவரைச் சம்மதிக்க வைக்கவும் அல்ல. ஏற்கெனவே நம் பக்கம் திரும்பியிருக்கிறவரிடம் பேசப்போகிறோம். இது மனதில் பதிந்தால் குரலே மாறும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, இதை அவசரமாகத் தாண்டிப் போகக்கூடாது. "தகப்பன்" என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாருக்கும் நெஞ்சு இளகுவதில்லை. குடித்துவிட்டு அடித்தவர், வீட்டை விட்டுப் போனவர், எவ்வளவு மார்க் வாங்கினாலும் போதாது என்றவர் என்று சிலருக்கு அந்தச் சொல்லோடு வேறொரு முகம் வந்து நிற்கும். "தேவன் உங்கள் தகப்பன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால், அது ஆறுதலாக இருக்காது, தண்டனையாகவே இருக்கும்.

வேதம் அந்த ஒரு உருவத்தோடு நின்றுவிடவில்லை. "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்" என்று ஏசாயா 66:13இல் கர்த்தர் சொல்கிறார். ஏசாயா 49:15 இன்னும் ஒரு படி மேலே போய், பெற்ற தாயே தன் பாலகனை மறந்துவிடக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறது: "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை." சங்கீதம் 27:10 தகப்பனும் தாயும் கைவிட்ட ஒருவனின் வாயிலிருந்து வருகிறது. ஆகவே பூமியிலுள்ள தகப்பனைப் பெரிதாக்கிப் பார்த்து தேவனைக் கற்பனை செய்யாதீர்கள். சுவிசேஷங்களில் இயேசு யாரிடம் எப்படிப் பேசினார் என்று பாருங்கள். என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான் என்று அவரே பிலிப்புவிடம் சொன்னார் (யோவான் 14:9). "அப்பா" என்று கூப்பிட வாய் வரவில்லையென்றால் "ஆண்டவரே" என்று கூப்பிடுங்கள். சங்கீதக்காரர்கள் பெரும்பாலும் "கர்த்தாவே" என்றும் "தேவனே" என்றும்தான் கூப்பிட்டார்கள். அவர்களுடைய ஜெபம் எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை.

இரண்டாம் படி: தகுதி வந்த பிறகு வரலாம் என்று காத்திராதீர்கள்

ஜெபம் நின்றுபோவதற்கு நான் பார்த்தவரை முக்கியக் காரணம் சோம்பல் இல்லை, வெட்கம். "ஒரு வாரமாக பைபிளைத் தொடவில்லை, எந்த முகத்தோடு போய்க் கேட்பது?" "நேற்றுதான் அப்படிப் பேசினேன், இன்றைக்கு ஜெபம் பண்ணினால் வேஷமாக இருக்காதா?" இப்படி இரண்டு நாள் தள்ளிப்போட்டால், அந்த இரண்டு நாளும் வெட்கத்தோடு சேர்ந்துகொள்ளும்.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் பிள்ளைகள் வருகிற சம்பவத்துக்குச் சரியாக முன்னால் இருப்பது பரிசேயனும் (வேத ஒழுங்குகளைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) ஆயக்காரனும் (எல்லாரும் பாவி என்று ஒதுக்கிய வரி வசூலிப்பவன்) ஜெபித்த உவமை. பரிசேயன் தன்னுடைய பட்டியலோடு வந்தான்: வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே செய்திருப்பான். ஆயக்காரனிடம் பட்டியல் எதுவும் இல்லை. கண்களை ஏறெடுக்கவும் துணியாமல் தூரத்தில் நின்று, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்றான். நீதிமானாக வீட்டுக்குத் திரும்பினவன் அவன்தான் என்று இயேசு தீர்ப்புச் சொன்னார்.

எனவே பாவ அறிக்கையை நுழைவுக் கட்டணமாக்கிவிடாதீர்கள். செய்ததை ஒரே வரியில், பெயர் சொல்லி, சாக்குச் சொல்லாமல் சொல்லுங்கள்: "இன்றைக்கு மனைவியிடம் வேண்டுமென்றே புண்படுத்துகிற மாதிரிப் பேசினேன், மன்னியும்." அதோடு அடுத்ததுக்குப் போங்கள். அரைமணி நேரம் தன்னைத்தானே திட்டிக்கொள்வது தாழ்மைபோலத் தெரியும், ஆனால் அங்கேயும் பேச்சு முழுக்க "நான், நான்" என்றுதான் இருக்கும். தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம் என்று எபிரெயர் 4:16 அழைக்கிறது. அந்தத் தைரியத்துக்கு அது காட்டுகிற ஆதாரம், நம்முடைய பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கிற பிரதான ஆசாரியர் நமக்கு இருக்கிறார் என்பது. நம்முடைய கடந்த வார நடத்தை அந்தப் பேச்சிலேயே வரவில்லை.

பிரான்சில் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் 15 வயதில் சேர்ந்து, 1897இல் 24 வயதில் காசநோயால் இறந்துபோன புனித தெரேசாவை (சிறுமலர் தெரேசா என்பார்கள்) இந்த விஷயத்தில் சொல்லாமல் இருக்கமுடியாது. ஜெப நேரத்தில் தூங்கி விழுவது அவருக்கு வருஷக்கணக்கில் இருந்த பழக்கம். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். பெற்றோருக்குப் பிள்ளை விழித்திருக்கும்போதும் தூங்கும்போதும் ஒரே அளவுதான் பிரியம் என்பது அவருடைய வாதம். கத்தோலிக்கத் திருச்சபை 1997இல் அவரை மறைவல்லுநராக (திருச்சபை முழுவதற்கும் போதகராக மதிக்கப்படுகிற புனிதர்) அறிவித்தது. ஜெபத்தில் தூங்கின ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

மூன்றாம் படி: உங்கள் சொந்தக் குரலில் பேசுங்கள்

இந்த வழிகாட்டியில் மிகவும் நடைமுறையான படி இதுதான். ஒரே ஆள், ஒரே இரவு, இரண்டு விதமாக ஜெபிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது:

"அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே, இந்த நல்ல வேளைக்காக உமக்குக் கோடாகோடி ஸ்தோத்திரம். இம்மட்டும் கண்ணின் மணிபோல் காத்து வழிநடத்தின கிருபைகளுக்காக நன்றி. எங்கள் தேவைகள் யாவையும் நீர் அறிந்திருக்கிறீர். ஏற்ற வேளையிலே எங்களைச் சந்தித்தருளும்."

இரண்டாவது:

"அப்பா, நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறது. பயமாயிருக்கிறது. ஒன்றும் இல்லை என்று வரவேண்டும். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உம்மிடம்தான் முதலில் சொல்கிறேன். இன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தூக்கம் தாரும்."

முதல் ஜெபத்தில் தவறான வார்த்தை ஒன்றுகூட இல்லை. பாதி வேத வாசனை உள்ளதுதான். ஆனால் அதில் ஜெபிக்கிறவர் எங்கே? "தேவைகள் யாவையும்" என்றால் எல்லாம் அடங்கிவிடும், ஆனால் எதையும் சொன்னதாக ஆகாது. அந்த ஸ்கேன் பயம் ஜெபத்துக்கு வெளியிலேயே நின்று, ஆமென் சொன்னதும் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது ஜெபத்தில் நேரம் இருக்கிறது, பயம் இருக்கிறது, ஒரு ரகசியம் இருக்கிறது, இன்றிரவுக்கான சின்ன வேண்டுதலும் இருக்கிறது. வீண்வார்த்தைகளை அலப்பாதிருங்கள், அதிக வசனிப்பினால் கேட்கப்படுகிறதில்லை என்று இயேசு சொன்னதை நாம் மற்ற மதத்தாரைப் பற்றியது என்று ஒதுக்கிவிடுகிறோம். பழகிப்போன நம் ஜெப பாஷைக்கும் அது பொருந்தும்.

பழக்கத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். முதல் வாக்கியத்தை "எனக்கு" என்று தொடங்குங்கள். "எனக்குக் கோபமாயிருக்கிறது." "எனக்கு அந்த வேலை வேண்டும்." "எனக்கு உம்மிடம் பேசப் பிடிக்கவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன்." ஆட்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். கடன் என்றால் தொகையைச் சொல்லுங்கள். வீட்டில் பேசுகிற பேச்சுத்தமிழ் வந்தால் வரட்டும். மரியாதை குறைந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் மரியாதை வார்த்தையின் நீளத்தில் இல்லை. அவரிடம் பொய் சொல்லாமல் இருப்பதும் மரியாதைதான்.

வார்த்தையே வராத நாட்களும் உண்டு. அப்போது இரண்டு வழிகள். ஒன்று, சும்மா இருப்பது. எப்படி வேண்டிக்கொள்வது என்று நமக்குத் தெரியாதபோது, ஆவியானவர்தாமே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. பெருமூச்சு விட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாலும் ஜெபித்ததாகவே கணக்கு. இன்னொன்று, இரவல் வாங்குவது. பேசப் பழகும் பிள்ளை பெரியவர்கள் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறது. சங்கீதங்களும் பரமண்டல ஜெபமும் அதற்காகவே கையில் இருக்கின்றன. பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று தரம் சொல்லச் சொல்லி, ஆதித் திருச்சபையின் பழைய கையேடான திதாக்கே கட்டளையிடுகிறது. எழுதி வைத்த ஜெபம் என்றாலே செத்த ஜெபம் என்று சிலர் ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. சிலுவையில் இயேசுவின் வாயிலிருந்து வந்ததே சங்கீத வரிகள்தானே.

1535இல், சீர்திருத்த சபைத் தலைவரான மார்ட்டின் லூத்தரிடம் அவருடைய நாவிதர் பேதுரு, எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். லூத்தர் அவருக்காக ஒரு சிறு புத்தகமே எழுதிக் கொடுத்தார். பரமண்டல ஜெபத்தை ஒவ்வொரு வரியாக எடுத்து, அந்த வரியை உங்கள் சொந்த வார்த்தைகளில் விரித்துப் பேசுங்கள். ஒரு வரியில் மனம் சூடுபிடித்தால் மற்றவற்றை விட்டுவிட்டு அங்கேயே தங்குங்கள் என்பது அவர் சொன்ன வழி. நாவிதனுக்குப் புரியும்படி ஒன்றும் சொன்னார்: கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அரட்டையடித்தால் வாடிக்கையாளரின் மூக்கோ கழுத்தோ போய்விடும், ஜெபத்திலும் கவனம் அப்படி வேண்டும். இந்த முறையைப் பத்து நிமிடத்துக்குச் செய்து பார்க்கலாம், முழு ஜெபத்தையும் முடிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நான்காம் படி: கேளுங்கள், சின்னதையும் கேளுங்கள்

"தேவனுக்கு எவ்வளவோ வேலை இருக்கும், இதைப் போய்க் கேட்பதா?" என்பது பணிவுபோல ஒலிக்கும். அதற்குள்ளே இருப்பது அவரை ஒரு பெரிய அதிகாரியாக நினைக்கிற எண்ணம். எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை "இன்று" எங்களுக்குத் தாரும் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர் இயேசு. தேவனுடைய ராஜ்யம் வருவதற்கும் பாவமன்னிப்புக்கும் நடுவில் சாப்பாட்டை வைத்திருக்கிறார். லூக்கா 11இல் ஜெபத்துக்கு அவர் சொன்ன உவமையும் அப்பத்தைப் பற்றியது. பாதிராத்திரியில் சிநேகிதன் கதவைத் தட்டி மூன்று அப்பம் கேட்கிறான், உள்ளே இருப்பவன் கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் என்னோடே படுத்திருக்கிறார்கள் என்கிறான். தட்டுகிறவன் போகவில்லை. விடாமல் கேட்கிற அந்த வெட்கமற்ற பிடிவாதத்தை இயேசு குறையாகச் சொல்லவில்லை, உதாரணமாக்கினார்.

அதே இடத்தில்தான் பிள்ளை அப்பம் கேட்டால் எந்தத் தகப்பன் கல்லைக் கொடுப்பான், மீன் கேட்டால் பாம்பைக் கொடுப்பான் என்று கேட்கிறார். இதைக் கவனமாக வாசிக்கவேண்டும். கேட்ட பொருள் அப்படியே கிடைக்கும் என்று அதில் வாக்கு இல்லை. கெட்டது கொடுக்கமாட்டார் என்ற உறுதி இருக்கிறது. பிள்ளை சில நேரம் பாம்பை மீன் என்று நினைத்துக் கேட்கும். அதையும் தயங்காமல் கேளுங்கள் என்பேன். எது பாம்பு, எது மீன் என்று பிரித்து முடித்துவிட்டுத்தான் கேட்பேன் என்றால் ஒருநாளும் கேட்கமுடியாது. கேட்கும்போதே உங்களுக்குச் சங்கடமாக இருக்கிற ஆசைகளையும் சேர்த்தே சொல்கிறேன். இச்சைகளுக்குச் செலவழிக்கத் தகாதவிதமாய்க் கேட்கிறீர்கள் என்று யாக்கோபு 4:3 கண்டிக்கிறது உண்மைதான். ஆனால் ஆசை தகாதது என்று பல நேரம் அதை வெளிச்சத்தில் வைத்துப் பேசிய பிறகுதான் நமக்கே தெரியவரும்.

ஐந்தாம் படி: அழவேண்டுமென்றால் அழுங்கள்

நம்பிக்கை உள்ளவன் முறையிடமாட்டான் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, சங்கீத புத்தகத்திலிருந்து வரவில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது 13ஆம் சங்கீதம். அது ஆறே வசனத்தில் பாட்டாக முடிகிறது. 88ஆம் சங்கீதம் அப்படியும் முடிவதில்லை, இருளிலேயே நின்றுவிடுகிறது. அதையும் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

அன்னாளைப் பாருங்கள் (1 சாமுவேல் 1). பிள்ளை இல்லை. கணவன் எல்க்கானாவின் மற்ற மனைவி பெனின்னாள் வருஷாவருஷம் குத்திக்காட்டுகிறாள். "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா?" என்று எல்க்கானா கேட்கிறான். நல்ல மனுஷன்தான், ஆனால் அவள் கேட்க விரும்பியது அதுவல்ல. சீலோவில் சாப்பாடு முடிந்ததும் அவள் எழுந்து போய் மனங்கசந்து மிகவும் அழுது ஜெபிக்கிறாள். உதடுகள் மட்டும் அசைகின்றன, சத்தம் வரவில்லை. ஆசாரியனாகிய ஏலி வாசற்படியருகே ஆசனத்தில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, வெறியை விலக்கு என்கிறான். இப்படிப்பட்ட இடத்தில் முக்கால்வாசிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். அவள் போகவில்லை. நான் குடிக்கவில்லை, என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன் என்கிறாள்.

பிறகு வருவதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. அவள் புறப்பட்டுப்போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று 18ஆம் வசனம் சொல்கிறது. சாமுவேல் இன்னும் கருவில்கூட இல்லை. பெனின்னாள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். கையில் இருப்பது, சற்று முன்பு அவளைத் தவறாக நினைத்த அதே ஏலி சொல்லி அனுப்பின ஒரு ஆசி மட்டும். ஊற்றவேண்டியதை ஊற்றியாயிற்று, பசி எடுத்தது, சாப்பிட்டாள்.

நீங்கள் செய்யவேண்டியது: தனியாக இருக்க ஒரு இடம் பாருங்கள். புகாரை நாகரிகப்படுத்தாமல் அவரிடமே சொல்லுங்கள். அவரைப் பற்றி ஊராரிடம் முறுமுறுப்பது வேறு, அவர் முகத்துக்கு நேராகக் கேட்பது வேறு. இரண்டாவதற்கு நம்பிக்கை வேண்டும்.

ஆறாம் படி: சொல்லி முடித்ததும் கொஞ்சம் இருங்கள்

131ஆம் சங்கீதத்துக்கு மூன்றே வசனங்கள். "எனக்கு மிஞ்சின கருமங்களிலும் தலையிடுகிறதுமில்லை" என்று சொல்லிவிட்டு, தாயின் பால்மறந்த குழந்தையைப் போல என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன் என்கிறது. பால் குடிக்கிற குழந்தை என்று அது சொல்லவில்லை. பால் குடிக்கிற குழந்தை தாயின் மடிக்குப் போனால் பாலுக்காகத் துழாவும். பால்மறந்த குழந்தைக்கு மடியே போதும். அந்த இடத்துக்கு வருவதற்குள் எத்தனை இரவுகள் அழுகை நடந்திருக்கும் என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டபிறகு மூன்று நிமிடம் எதுவும் கேட்காமல் உட்காருங்கள். யோசனைகள் ஓடும், ஓடட்டும். துரத்திப் பிடித்து வெளியேற்றத் தொடங்கினால் அந்த மூன்று நிமிடமும் அதிலேயே போய்விடும். "நான் இங்கே இருக்கிறேன், நீரும் இங்கே இருக்கிறீர்" என்ற ஒரு வரிக்குத் திரும்பினால் போதும். விசேஷமாக ஏதோ குரல் கேட்கும், உடம்பு சிலிர்க்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடந்ததாகத் தெரியாது.

ஏழாம் படி: "இல்லை" என்ற பதில் வரும்போது

அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் கெட்ட செய்தி வந்துவிட்டால்? இதற்குப் பதில் சொல்லாத எந்த ஜெப வழிகாட்டியும் பாதி வழிகாட்டிதான்.

"விசுவாசத்தோடு கேட்டால் நிச்சயம் கிடைக்கும், கிடைக்கவில்லையென்றால் விசுவாசம் போதாது" என்ற போதனை பிள்ளைத்தனமான நம்பிக்கை என்ற பெயரிலேயே விற்பனையாகிறது. இது எவ்வளவு கொடுமை என்பது, பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு வந்த பெற்றோரிடம் யாராவது இதைச் சொல்லும்போதுதான் தெரியும். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கேட்டார்: "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்." அவருக்கு விசுவாசக் குறைவா? பாத்திரம், அதாவது வரவிருந்த பாடு, எடுக்கப்படவில்லை. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று தரம் வேண்டினார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது, முள் போகவில்லை.

இயேசுவின் வாக்கியத்தில் உள்ள வரிசையைப் பின்பற்றுங்கள். முதலில் கூப்பிடுகிறார். பிறகு உம்மால் கூடும் என்கிறார். அப்புறம் தமக்கு வேண்டியதை மழுப்பாமல் கேட்கிறார். கடைசியில்தான் "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்கிறார். நம்மில் பலர் ஏமாற்றத்துக்குப் பயந்து, முதல் வாக்கியத்திலேயே "உமக்குச் சித்தமானால்" என்று போட்டு ஆசையைச் சொல்லாமலே முடித்துவிடுகிறோம். இன்னும் சிலர் கடைசி வாக்கியத்துக்கு வரவே மாட்டேன் என்கிறார்கள். கெத்செமனே ஜெபத்தில் ஆசையைச் சொல்வதற்கும் இடம் இருக்கிறது, அவர் சித்தத்துக்கு ஒப்புக்கொடுப்பதற்கும் இடம் இருக்கிறது. அதையும் அவர் ஒரே முறை சொல்லிவிட்டு எழுந்துவிடவில்லை, திரும்பத் திரும்பப் போய் அதையே சொன்னார்.

மருத்துவம் பற்றி ஒரு வார்த்தை. ஜெபித்தேன், அதனால் மாத்திரையை நிறுத்துகிறேன் என்பது பிள்ளையின் நம்பிக்கை ஆகாது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் வசனத்தோடு சொன்னவன் பிசாசு என்பது நினைவிருக்கட்டும். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று இயேசு அதற்குப் பதில் சொன்னார். டாக்டரிடம் போங்கள், போகிற வழியில் ஜெபியுங்கள்.

பதில் வராத காலத்தில் நம்பிக்கையே தளர்ந்தால், அதையும் ஜெபத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். மாற்கு 9இல் மகனுக்காக வந்த ஒரு தகப்பன் கண்ணீரோடே சத்தமிட்டுச் சொன்னது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னவனுடைய மகன் அன்றைக்குச் சுகமானான்.

எட்டாம் படி: வீட்டில் வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள்

பரமண்டல ஜெபம் முழுவதும் "எங்கள்", "எங்களுக்கு" என்றே போகிறது. அதைச் சொல்லிக்கொடுத்து முடித்ததும் இயேசு திரும்ப எடுத்து விளக்கின ஒரே வேண்டுதல் மன்னிப்பைப் பற்றியது (மத்தேயு 6:14-15). அதனால் ஒவ்வொரு நாளும் உங்களுக்குப் பிடிக்காத ஒருவரின் பெயரை ஒரு தரமாவது சொல்லுங்கள். உணர்ச்சியோடு சொல்லவேண்டும் என்று இல்லை.

தினசரி ஒழுங்குக்கு ஒரு மாதிரி

காலையில் பத்து நிமிடம்: அரை நிமிடம் அமைதி, ஒரு வரியில் பாவ அறிக்கை, இன்றைக்கு நடக்கப்போகிறவற்றில் உங்களைப் பயமுறுத்துகிற ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்பது, இன்னொருவருக்காக ஒரு வேண்டுதல், ஒரு சிறு சங்கீதம், மூன்று நிமிடம் சும்மா இருப்பது, பரமண்டல ஜெபம். நன்றி சொல்வதை எங்கே வேண்டுமானாலும் நுழைத்துக்கொள்ளுங்கள், ஆனால் "எல்லாவற்றிற்காகவும்" என்று மட்டும் சொல்லாமல் நேற்று நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். பகலில் ஒரு வரி ஜெபங்கள் போதும்: "அப்பா, இந்த போன் காலை நான் எடுக்கிறேன், கூட இரும்." இரவில் படுக்கும்போது 31ஆம் சங்கீதத்தின் வரியை எடுத்துக்கொள்ளலாம்: உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன். பல நூற்றாண்டுகளாகத் திருச்சபையின் இரவு ஜெபத்தில் இருக்கிற வரி அது. இயேசு "பிதாவே" என்று சேர்த்து, அதைச் சொல்லியே ஜீவனை விட்டார்.

கைக்கடிகாரத்தைப் பார்த்து ஜெபிப்பது ஆவிக்குரியதல்ல என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். நேரம் வைக்காத ஜெபம் நாளடைவில் நேரம் கிடைக்காத ஜெபமாகிவிடுகிறது.

விட்டுப்போய் மாதக்கணக்காகிவிட்டால்

எல்லாருக்கும் நடக்கும். அப்போது "இனிமேல் தினமும் ஒரு மணி நேரம்" என்ற பொருத்தனையோடு தொடங்காதீர்கள். லூக்கா 15இல் இளைய குமாரன் திரும்பி வரும்போது ஒரு பேச்சைத் தயார்பண்ணிக்கொண்டு வருகிறான். பாவஞ்செய்தேன், உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று மூன்று பகுதிகள். தகப்பன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தஞ்செய்கிறான். மகன் முதல் இரண்டு பகுதிகளையும் சொல்லிவிடுகிறான். கூலிக்காரன் என்ற மூன்றாவது பகுதிக்கு வருவதற்குள் தகப்பன் ஊழியக்காரரைப் பார்த்து, உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லத் தொடங்கிவிட்டான்.

அந்த மூன்றாவது பகுதியை நீங்களும் விட்டுவிடலாம். எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்கு ஒப்பிக்கவேண்டாம். இரண்டாம் படியில் சொன்ன ஒரு வரியைச் சொல்லிவிட்டு, இன்றைக்கு உங்களை அழுத்துகிற காரியம் எதுவோ அதை "எனக்கு" என்று தொடங்கிச் சொல்லுங்கள்.